எம்எல்ஏவாக இருந்துகொண்டே எம்பி தேர்தலில் நிற்கலாமா? நாங்குநேரியில் என்ன நடந்தது?

குரூப்2_நெல்லை:

வணக்கம். குரூப் 2 தேர்வுக்காக அரசியலமைப்புப் பகுதியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. எம்எல்ஏவாக இருப்பவர் மக்களவைத் தேர்தலில் நிற்க வேண்டும் என்றால் முதலில் ராஜினாமா செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேட்புமனுவையே தள்ளிவிடுவார்கள் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். நான் மறைந்த எச்.வசந்தகுமாரைச் சொன்னேன். 2019இல் அவர் கன்னியாகுமரியில் நின்றபோது நாங்குநேரி எம்எல்ஏவாகத்தான் இருந்தார், ஜெயித்த பிறகுதான் ராஜினாமா செய்தார் என்றேன். "அது ஏதோ விதிவிலக்கு" என்று நண்பர் நழுவுகிறார்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? தோற்றிருந்தால் பழைய பதவி என்ன ஆகியிருக்கும்? அப்புறம் இன்னொன்று, இது தேர்வுக்காக இல்லை. அவர் விட்டுவிட்டுப் போன நாங்குநேரியில் அதற்குப் பிறகு என்னதான் நடந்தது? நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், அரசியல் பக்கம் கவனமே இல்லை. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பாளை_வக்கீல்:

விதிவிலக்கு எதுவும் இல்லை தம்பி, அதுதான் விதி. எம்எல்ஏவாக இருப்பது மக்களவைக்குப் போட்டியிடத் தடை இல்லை. மனுவை அந்தக் காரணத்துக்காகத் தள்ளுபடி செய்ய முடியாது. தோற்றால் ஒன்றும் ஆகாது, மறுநாள் காலையில் வழக்கம்போல எம்எல்ஏ.

ஜெயித்தால்தான் கணக்கு. அரசியலமைப்பின் 101(2) பிரிவுப்படி ஒரே ஆள் நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருக்க முடியாது. இதற்காக 1950இல் போட்ட விதிகள் 14 நாள் அவகாசம் தருகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் சட்டமன்றப் பதவியை விட்டுவிட வேண்டும்.

விடவில்லை என்றால்? இங்கேதான் தேர்வில் பிடிப்பார்கள். பறிபோவது எம்எல்ஏ பதவி இல்லை, எம்பி பதவி. பலரும் தலைகீழாக எழுதுகிறார்கள். சட்டமன்ற ராஜினாமா சபாநாயகரின் பெயருக்கு, கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டியது. மிரட்டி வாங்கியது இல்லை, உண்மையானதுதான் என்று அவருக்குத் திருப்தி வந்த பிறகே ஏற்பார். அது 190(3).

நாங்குநேரிக் கதையைச் சொல்லத் தகுந்த ஆள் இங்கேயே இருக்கிறார். வாத்தியாரய்யா, வாருங்கள்.


களக்காட்டு_வாத்தியார்:

கூப்பிட்டுவிட்டீர்கள், இனி நிறுத்த முடியாது.

தம்பி, எனக்கு ஓட்டு களக்காட்டில், அதாவது நாங்குநேரி தொகுதியில். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் வேலை என்றால் முதலில் எங்களைத்தான் பிடித்துப் போடுவார்கள். அதனால் அந்த இடைத்தேர்தலை வாக்காளனாகவும் பார்த்தேன், சாவடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தும் பார்த்தேன். எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையும் என்னிடம் கிடையாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. நாங்குநேரி, கன்னியாகுமரி எம்பி தொகுதிக்குள் வராது. நாங்கள் திருநெல்வேலி எம்பி தொகுதி. கன்னியாகுமரி என்பது கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்ற ஆறும் சேர்ந்தது. ஆக 2019 ஏப்ரல் 18 அன்று எங்கள் எம்எல்ஏ எம்பிக்கு நிற்கிறார், அவருக்குப் போடவோ போடாமல் விடவோ எங்களில் ஒருவருக்கும் வழி இல்லை. நாங்கள் இந்தப் பக்கம் திமுகவின் ஞானதிரவியமா, அதிமுகவின் மனோஜ் பாண்டியனா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் எம்எல்ஏ எங்களோடு இருப்பாரா போவாரா என்பதைக் குளச்சலும் கிள்ளியூரும் முடிவு செய்தன. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது இதுதான். அவர் நின்றதில் தப்பே சொல்ல மாட்டேன்.

அவர் வந்த வழியையும் சொல்ல வேண்டும். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர், குமரி அனந்தனின் தம்பி. சென்னையில் விற்பனையாளராக வேலை பார்த்து, 1978இல் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் மிக்சியும் பிரிட்ஜும் தவணையில் வீட்டுக்குள் வந்தது அந்தப் பெயரோடு சேர்ந்துதான். கடை விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த அதே முகம் 2006இல் கை சின்னத்தோடு சுவரொட்டியில் வந்தது. ஜெயித்தார். 2011இல் எர்ணாவூர் நாராயணனிடம் தோற்றார். 2014இல் கன்னியாகுமரியில் எம்பிக்கு நின்று பாஜகவின் பொன்.ராதாகிருஷ்ணனிடம் தோற்றார். 2016இல் திரும்ப எங்களிடம் வந்தார், 17,315 ஓட்டில் ஜெயித்தார். மூன்று வருடம் கழித்து மறுபடியும் கன்னியாகுமரி. இந்த முறை 2,59,933 ஓட்டு வித்தியாசம். அவர் மனசு எந்த மண்ணில் இருந்தது என்பது 2014லேயே தெரிந்துபோன விஷயம். 2016இல் ஓட்டுப் போட்ட நாங்கள் அதைத் தெரிந்துதான் போட்டோம். ஆகவே ஏமாற்றிவிட்டார் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு வந்த மாதங்கள் இருக்கின்றனவே, அதுதான் தொல்லை.

மே 23 ஓட்டு எண்ணிக்கை. அந்த மாதம் முடிவதற்குள் சபாநாயகர் தனபாலிடம் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டார். இடைத்தேர்தல் வந்தது அக்டோபர் 21. நடுவில் சட்டமன்றத்தில் எங்கள் நாற்காலி காலி. வெறும் காலி என்றால்கூடப் பரவாயில்லை. ஜூன் கடைசியில் மானியக் கோரிக்கைக்காகச் சபை கூடியது. ஒவ்வொரு துறைக்கும் அந்த வருடம் என்ன செலவு, எந்த ஊருக்கு என்ன என்று பேசுவது அப்போதுதான். ஜூலை 18 அன்று அதே கூட்டத்தில் முதல்வர் பழனிசாமி, விவாதம் இல்லாமல் அறிவிக்க இடம் தரும் 110 விதியின் கீழ் தென்காசி தனி மாவட்டம் என்று அறிவித்தார். திருநெல்வேலி மாவட்டத்தை இரண்டாக வெட்டுகிறார்கள், எங்களுக்கு அங்கே வாய் திறக்க ஆள் இல்லை. இருந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பார் என்று என் மைத்துனர் கேட்பார். நாங்குநேரி எப்படியும் நெல்லையோடுதானே இருக்கப் போகிறது என்பார். இருக்கட்டுமே, கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டாமா?

எங்கள் தெருவுக்கு மனு எழுதிக் கொடுப்பது நான்தான். களக்காட்டில் வாழைதான் எல்லாம். காற்றில் தார் விட்ட மரம் சாய்ந்தால் மனு, கால்வாயில் தண்ணீர் வராவிட்டால் மனு, பஸ் நிற்காமல் போனால் மனு. கலெக்டருக்கு எழுதினால் அடியில் "நகல்: மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள், நாங்குநேரி" என்று ஒரு வரி கை தானாகவே போடும். அந்த மாதங்களில் அந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டுக் கொடுத்திருக்கிறேன். பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஏன் சார் அடிக்கிய, சும்மா கிடக்கட்டும், அதிகாரி பயப்படுவான்லா" என்றார். சரி என்று அதற்கப்புறம் அடிக்காமலே கொடுத்தோம். இல்லாத எம்எல்ஏவுக்கு நகல் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் இடைத்தேர்தல் வந்தது. அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். அமைச்சர்கள் ஊர் ஊராக முகாம் போட்டார்கள். டோனாவூர்ப் பக்கம் டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காது, எல்லாம் வெள்ளை வேட்டி, வெளிமாவட்ட வண்டி எண்கள். எங்கள் சாலைக்குத் தார் போட்டது அந்த வருடம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். இடைத்தேர்தலால் கெட்டது மட்டுமே நடந்தது என்று எழுதினால் சாலை என்னைச் சிரிக்கும்.

சாவடியில் நடந்த ஒன்று. காலை ஐந்தரைக்கே முகவர்களை வைத்து மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு, முகவர்களிடம் கையெழுத்து வாங்கி முத்திரை வைக்க வேண்டும். ஏழு மணிக்கு வரிசை தொடங்கும். பத்து மணி வாக்கில் ஒரு பாட்டி வந்தார். விரலை நீட்டுமுன் என்னைப் பார்த்து, "இப்பதானே தம்பி வெயில் காலத்துல போட்டேன், அதுக்குள்ள எதுக்கு இன்னொண்ணு? அது செல்லாம போச்சா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த டீச்சர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம்பி வேறு, எம்எல்ஏ வேறு, எம்எல்ஏ எம்பியாகிவிட்டார் என்று அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு விளக்க முடியுமா? "செல்லும் பாட்டி, இது வேற" என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. சில ஊர்களில் தேவேந்திரகுல வேளாளர் பெயர் மாற்றக் கோரிக்கைக்காகக் கறுப்புக் கொடி கட்டிவிட்டுச் சாவடிப் பக்கமே வரவில்லை. அது வேறு கதை, அவர்களுக்கு இருந்த கோபத்துக்கும் வசந்தகுமாருக்கும் சம்பந்தம் இல்லை.

அன்றைக்கே இன்னொரு கூத்து. வாக்குப்பதிவுக்கு 48 மணி நேரம் முன்பே தொகுதியில் ஓட்டு இல்லாத வெளி ஆட்கள் வெளியேறிவிட வேண்டும். பழைய எம்எல்ஏ, அப்போதைய கன்னியாகுமரி எம்பி வசந்தகுமார், நாங்குநேரிக்குள் வந்துவிட்டார் என்று போலீஸ் மடக்கி நிலையத்துக்குக் கூட்டிப் போனது. வழியாகத்தான் போகிறேன் என்றார் அவர். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற நாற்கரச் சாலை எங்கள் தொகுதிக்குள்ளேதானே போகிறது! மூன்று வருடம் எங்கள் பிரதிநிதியாக இருந்தவர், அன்று சட்டப்படி வெளி ஆள். இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாராலும் சொல்ல முடியாது.

முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதிமுகவின் ரெட்டியார்பட்டி நாராயணன் காங்கிரசின் ரூபி மனோகரனை 33,445 ஓட்டில் தோற்கடித்தார். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் திமுக-காங்கிரஸ் கூட்டணி தேனி ஒன்றைத் தவிர மாநிலம் முழுக்க வாரிச் சுருட்டியிருந்தது. இப்படி ஜெயித்தவருக்கு ஐந்து வருடம் கிடையாது, மிச்சம் இருக்கிற காலம் மட்டும்தான். 2021 மே வரை, ஒன்றரை வருடம். அதிலும் பெரும்பகுதியைக் கரோனா தின்றுவிட்டது.


குளச்சல்காரன்:

வாத்தியாரய்யா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

2014இல் காங்கிரஸ் தமிழ்நாட்டில் தனியாக நின்றது. கட்சிக்குப் பெரும்பாலான இடங்களில் டெபாசிட்டே போன தேர்தல் அது. அப்போது இரண்டாம் இடத்துக்கு வந்து இரண்டரை லட்சத்தை ஒட்டி ஓட்டு வாங்கியவர் இவர். தோற்ற பிறகு ஆள் காணாமல் போகவில்லை. கல்யாணம், சாவு, கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று எங்கே பார்த்தாலும் அண்ணாச்சி இருப்பார். வியாபாரி புத்தி என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு. வாடிக்கையாளரை விட்டுவிடாதவர் என்று நான் அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

2019இல் அவர் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததற்கு அவர் மட்டும் காரணம் இல்லை என்பதும் உண்மை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலுக்குப் போனவர்களைத் தேடத் தாமதம் ஆனது என்ற கோபம் கடற்கரை ஊர்களில் ஆறவே இல்லை. இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் கோவளம் கீழமணக்குடிக்கு மாற்றினார்கள், அங்கேயும் எதிர்ப்பு. மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலம் கட்டியது பொன்னார், அதாவது பொன்.ராதாகிருஷ்ணன் காலத்தில்தான். அதை உள்நாட்டுப் பக்கம் பாராட்டினார்கள். ஆனால் கடற்கரையில் பாலத்தைக் காட்டி ஓட்டுக் கேட்க முடியவில்லை. மீனவர் ஓட்டு மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கடற்கரைக்காரன், எங்கள் சாவடியில் என்ன மனநிலை இருந்தது என்று பார்த்தவன்.

அப்புறம் நாகர்கோவில் தொகுதி (எங்கள் எம்பி தொகுதியின் பழைய பெயர் அதுதான்) பெரிய தலைவர்களை டெல்லிக்கு அனுப்பிப் பழகிய இடம். எம்பியாக இருந்த மார்ஷல் நேசமணி இறந்ததும் 1969இல் இடைத்தேர்தல் வந்தது. 1967இல் விருதுநகரில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றிருந்த காமராஜர் இங்கே நின்று ஜெயித்தார். 1971இல் திரும்பவும் ஜெயித்தார், 1975இல் இறக்கும்வரை எங்கள் எம்பி. 1977இல் குமரி அனந்தன். அண்ணன் உட்கார்ந்த இடத்தில் தானும் உட்கார வேண்டும் என்ற ஆசை தம்பிக்கு இருந்ததில் என்ன ஆச்சரியம்?

அண்ணாச்சிக்குக் கொடுத்துவைத்தது பதினைந்து மாதம்தான். 2020 ஏப்ரலில் கரோனாவைச் சொல்லி எம்பிக்களின் தொகுதி நிதியை, வருடத்துக்கு 5 கோடி, மத்திய அரசு நிறுத்திவிட்டது. ஆகஸ்ட் 28 அன்று அதே கரோனாவில் அவரும் போய்விட்டார். நாங்குநேரியை விட்டுவிட்டு வந்தவர் எங்களுக்கு என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், செய்யக் காலம் கிடைக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். உங்களுக்கு எம்எல்ஏ இல்லாத ஐந்து மாதம் வலித்தது என்றால், எங்களுக்கு 2021 மே வரை எம்பியே இல்லை.


குரூப்2_நெல்லை:

வாத்தியார் ஐயா, குளச்சல் அண்ணாச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. நண்பருக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.

இரண்டு சந்தேகம். ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்றுதான் படித்தேன். ஆகஸ்ட் 28 முதல் எண்ணினால் கன்னியாகுமரியில் அது தாண்டிவிட்டதே? இரண்டாவது, எம்பியாக இருப்பவர் எம்எல்ஏ ஆனால் இதே 14 நாள்தானா?


பாளை_வக்கீல்:

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 151அ பிரிவு. இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதம் என்பது சரி. ஆனால் இரண்டு கதவு திறந்திருக்கிறது. மிச்சப் பதவிக்காலம் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. அல்லது, அந்தக் காலத்துக்குள் நடத்துவது கஷ்டம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசோடு கலந்து சான்றளித்தாலும் தள்ளிப்போகலாம். 2020இல் நிலைமை உங்களுக்கே தெரியும். 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றப் பொதுத்தேர்தலோடு சேர்த்துக் கன்னியாகுமரிக்கும் நடந்தது. வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்த் 1,37,950 வித்தியாசத்தில் ஜெயித்தார், எதிரே மறுபடியும் பொன்னார். அதே நாள் நாங்குநேரியில் ரூபி மனோகரன் ஜெயித்து, இடைத்தேர்தலில் விட்டதைப் பிடித்தார்.

எம்பி எம்எல்ஏ ஆனாலும் அதே விதிதான். 14 நாளுக்குள் சட்டமன்றத்தை விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் போய்விடும். 2021இல் மாநிலங்களவை உறுப்பினர்களாக இருந்த கே.பி.முனுசாமி வேப்பனஹள்ளியிலும் ஆர்.வைத்திலிங்கம் ஒரத்தநாட்டிலும் எம்எல்ஏ ஆனார்கள். இருவரும் டெல்லிப் பதவியை விட்டார்கள். மாநிலங்களவைக்கு ஓட்டுப் போடுவது எம்எல்ஏக்கள் இல்லையா? அப்போது சபையில் பெரும்பான்மை திமுகவுக்கு. தனித்தனி இடைத்தேர்தல் என்பதால் இரண்டு இடமும் போட்டியே இல்லாமல் திமுகவுக்குப் போய்விட்டது. இரண்டு எம்எல்ஏவை வைத்துக்கொள்ள அதிமுக கொடுத்த விலை இரண்டு எம்பி. இந்தக் கணக்கை அவர்கள் வேட்பாளர் பட்டியல் போட்டபோது யோசித்தார்களா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

இன்னொரு பழைய கதை. கிரிதர் கமாங் 1999 பிப்ரவரியில் ஒடிசா முதல்வர் ஆனார். சட்டமன்றத்துக்கு இன்னும் தேர்ந்தெடுக்கப்படவில்லை, ஆகவே 14 நாள் கடிகாரம் ஓடவே தொடங்கவில்லை. மக்களவை உறுப்பினர் பதவி கையில் இருந்தது. ஏப்ரல் 17 அன்று டெல்லிக்கு வந்து வாஜ்பாய் அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார். அரசு 269க்கு 270 என்று விழுந்தது. முதல்வராக இருப்பவர் இங்கே ஓட்டுப் போடலாமா என்று கூச்சல் வந்தபோது, சபாநாயகர் பாலயோகி அதை அவருடைய மனசாட்சிக்கு விட்டுவிட்டார்.


களக்காட்டு_வாத்தியார்:

குளச்சல் அண்ணாச்சி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், ஐந்து மாதத்தைவிட எட்டு மாதம் பெரிது. ஆனால் உங்களுடையது சாவு. அதற்கு யாரையும் கேட்க முடியாது. எங்களுடையது ஒரு கட்சி உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு.

என் கருத்து இதுதான். எம்எல்ஏவாக இருப்பவர் எம்பிக்கு நிற்கட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் மனுத்தாக்கலுக்கு முன்பே ராஜினாமா செய்யட்டும். இப்போது இருக்கிற சட்டத்தில் வேட்பாளருக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஜெயித்தால் டெல்லி, தோற்றால் பழைய இடம். நஷ்டம் முழுக்க அவரை அனுப்பிய ஊருக்கு. இடைத்தேர்தல் செலவும் மாநில அரசின் தலையில், அதாவது நம் தலையில்.


பாளை_வக்கீல்:

உங்கள் யோசனையை 2024இல் வைத்துப் பாருங்கள் ஐயா. போடிநாயக்கனூர் எம்எல்ஏ ஓ.பன்னீர்செல்வம் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் மனு போட்ட கூத்து வேறு. போடி எந்த எம்பி தொகுதியில் இருக்கிறது? தேனியில். உங்கள் நாங்குநேரி மாதிரியேதான், போடிக்காரர்களுக்கு அதில் பேச்சே இல்லை. திருநெல்வேலி எம்எல்ஏ நயினார் நாகேந்திரன் திருநெல்வேலி எம்பிக்கு நின்றார், நாங்குநேரியும் அவருக்கு ஓட்டுப் போட்டிருக்கும். இருவரும் தோற்றார்கள், இருவரும் எம்எல்ஏவாகத் தொடர்ந்தார்கள். உங்கள் சட்டம் இருந்திருந்தால், ஒருவரும் எம்பி ஆகாமலே போடிக்கும் திருநெல்வேலிக்கும் இடைத்தேர்தல். பாட்டிக்குப் பதில் சொல்ல நீங்கள் இன்னும் இரண்டு முறை மேசையில் உட்கார வேண்டியிருக்கும்.

செலவை வேட்பாளர் தலையில் கட்டலாம் என்பதில் மட்டும் உங்களோடு இருக்கிறேன். ஒரே ஆள் இரண்டு தொகுதியில் நின்று இரண்டிலும் ஜெயித்து ஒன்றை விட்டால், சட்டமன்றத்துக்கு 5 லட்சம், மக்களவைக்கு 10 லட்சம் கட்டட்டும் என்று தேர்தல் ஆணையம் 2004லேயே சொன்னது. அது சட்டமாகவில்லை. எம்எல்ஏ எம்பியாகும் விவகாரத்துக்கும் அப்படி ஒன்று வரலாம். ஆனால் வசந்தகுமார் 2019 மனுவில் காட்டிய சொத்து நானூறு கோடிக்கு மேல். அப்படிப்பட்டவர்களுக்கு 5 லட்சம் டீச்செலவு. நிஜமாகவே தயங்கப்போவது கையில் காசில்லாத எம்எல்ஏதான்.


விளவங்கோடு_மலை:

எங்கள் ஊர்க் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காங்கிரசின் விஜயதரணி விளவங்கோட்டில் மூன்று முறை எம்எல்ஏ. 2024 பிப்ரவரி 24 அன்று பாஜகவில் சேர்ந்து பதவியை விட்டார். எம்பி சீட்டு கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள், கிடைக்கவில்லை. ஏப்ரல் 19 அன்று நாங்கள் ஒரே வரிசையில் நின்று இரண்டு இயந்திரத்தில் ஓட்டுப் போட்டோம், ஒன்று எம்பிக்கு, ஒன்று எம்எல்ஏவுக்கு. காங்கிரசின் தாரகை கத்பர்ட் ஜெயித்தார். தனி இடைத்தேர்தல் கூத்து இல்லை, அமைச்சர்கள் படையெடுப்பு இல்லை. புதுத் தார்ச்சாலையும் இல்லை என்பது வேறு விஷயம்.


களக்காட்டு_வாத்தியார்:

இதைத்தான் நான் கேட்கிறேன். முன்கூட்டியே ராஜினாமா, எம்பி ஓட்டோடு சேர்த்து எம்எல்ஏ ஓட்டு. வக்கீல் சார் சொன்ன போடியும் திருநெல்வேலியும் இதில் அடங்கிவிடும், தனிச் செலவும் வராது. தோற்றவர் வீட்டில் இருக்கட்டும், அது அவர் எடுத்த முடிவு.


பாளை_வக்கீல்:

தேதியைப் பாருங்கள் ஐயா. விஜயதரணி விட்டது பிப்ரவரி 24. ஆணையம் தேர்தல் அட்டவணையை அறிவித்தது மார்ச் 16. நடுவில் மூன்று வாரம் இருந்ததால் விளவங்கோட்டையும் அதே பட்டியலில் சேர்க்க முடிந்தது. மனுத்தாக்கல் தொடங்கியது மார்ச் 20. நம் ஊர்க் கட்சிகள் கூட்டணி பேசி, தொகுதி பிரித்து, வேட்பாளர் பெயரை அறிவிப்பதே அந்த வாரத்தில்தான். சீட்டு கிடைக்குமா என்றே தெரியாத எம்எல்ஏ ஒருவர் ஒரு மாதம் முன்னாலேயே பதவியைத் தூக்கிக் கொடுப்பாரா? விஜயதரணிக்கு என்ன ஆனது என்று பார்த்த பிறகுமா?